பச்சை என்று எழுதியவள்

"சார், நீங்களே பாருங்க. பச்சையாத்தான் எரியுது."

பிரபா என்கிற அந்த மாணவி, அமிலத்தில் குழைத்த உப்பைக் கம்பியின் நுனியால் தொட்டெடுத்து மறுபடியும் பர்னரின் சுடருக்குள் நீட்டினாள். சுடர் ஒரு கணம் எழும்பி நிறம் மாறியது. மாறியது என்பது மட்டும்தான் விருத்தகிரிக்குத் தெரிந்தது. எந்த நிறத்துக்கு மாறியது என்பது அவருக்குத் தெரியவில்லை. காய்ந்த வைக்கோலைக் கொளுத்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அவர் கண்ணுக்குச் சிவப்பும் அப்படித்தான், பச்சையும் அப்படித்தான்.

கம்மாபுரம் தாண்டி சேத்தியாத்தோப்புக்குப் போகிற வழியில் இருந்த பள்ளி அது. 2007 பிப்ரவரி, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. விருத்தாசலத்திலிருந்து வேதியியலுக்கு எக்ஸ்டர்னல் தேர்வாளராக வந்திருந்தார் விருத்தகிரி. கையில் இருந்த விடைக் குறிப்பில் பதினாலாம் எண் உப்புக்கு நேராகக் கால்சியம் குளோரைடு என்று இருந்தது. கால்சியம் என்றால் சுடர் செங்கல் சிவப்பு. பச்சை என்றால் பேரியம். பேரியத்தை உறுதிசெய்யப் பாடத்தில் சொல்கிற குரோமேட் கரைசல் அந்தப் பள்ளியில் தீர்ந்துபோயிருந்ததால் சுடரின் நிறத்தை வைத்துத்தான் எல்லாம். அந்தப் பெண் பேரியம் என்று எழுதியிருந்தாள். சுற்றிலும் பதினைந்து பிள்ளைகள் சோதனைக் குழாயைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செங்கல் சிவப்பும்மா இது," என்றார். தன் குரல் ஏன் இவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்கே புரியவில்லை. "மனப்பாடம் பண்ணிட்டு வந்து மாத்தி எழுதிட்ட. எழுதனதுதான் எழுதன, இப்ப கண்ணெதிர்ல பொய் வேற சொல்ற."

அந்தப் பெண் அழவில்லை. கம்பியை வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்தாள். "நான் பாத்ததத்தான் சார் எழுதனன்," என்று மட்டும் சொன்னாள். அவர் எட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். அவள் போன பிறகு மேசையில் கிடந்த உப்புப் பொட்டலத்தை, மிச்சமிருந்த உப்போடு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேர்வுக்கூடத்திலிருந்து எதையும் வெளியே எடுத்துப்போகக் கூடாது. அது தெரிந்தேதான் போட்டுக்கொண்டார்.

சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. படித்த முதல் ஆண்டிலேயே அவருக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரிந்துவிட்டது. வெளியே சொன்னால் வேதியியலை விட்டுவிடச் சொல்வார்கள் என்று பயந்து சொல்லாமல் விட்டார். பக்கத்து மேசைப் பையனிடம் பேச்சுக்கொடுத்துப் பேச்சுக்கொடுத்தே நிறங்களைக் கறந்துகொண்டு தேறினார். வேலைக்கு வந்த பிறகு அதையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார். தன் வகுப்பில் அவர் எந்த நிறத்தையும் சொல்வதில்லை. மாணவிகளை நான்கு நான்கு பேராகப் பிரிப்பார். ஒருத்தி பியூரெட் குழாயின் திருகைத் திருப்பவேண்டும், ஒருத்தி குடுவையை ஆட்டவேண்டும், ஒருத்தி கண்ணை எடுக்காமல் பார்த்து நிறம் சொல்லவேண்டும், ஒருத்தி எழுதவேண்டும். அடுத்த முறை வேலை மாறும். இளஞ்சிவப்பு என்று புத்தகத்தில் இருக்கிறபடி சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "புத்தகம் பாத்தத சொல்லாத. நீ பாத்தத சொல்லு. எது மாதிரி இருக்குது?" என்பார். கொய்யாப்பழத்துக்குள்ள மாதிரி என்று ஒருத்தி சொல்வாள், அவ்வளவு இல்ல சார், கழுவின கைல மருதாணி மாதிரி என்று இன்னொருத்தி மறுப்பாள். அந்தச் சண்டையில், நிறம் மாறி நிற்கிற முடிவுநிலை எல்லோருக்கும் பிடிபட்டுவிடும். குடுவைக்கு அடியில் வைக்க ஊர்ப் பீங்கான் பட்டறைகளில் கழித்துப்போட்ட வெள்ளை ஓடுகளை வாங்கி வந்ததும் அவர்தான். அவருடைய பிள்ளைகள் எந்தத் தேர்வுக்கூடத்திலும் கை நடுங்காமல் நின்றார்கள். விருத்தகிரி சாரின் முறை என்று அது மாவட்டம் முழுக்கப் பேரெடுத்தது. அடுத்த மாதம் கடலூரில் வேதியியல் ஆசிரியர்களுக்கு நடக்கிற பயிற்சியில் அதைப் பற்றித்தான் அவர் பேசவேண்டும். அந்த முறை எதிலிருந்து பிறந்தது என்று யாரும் கேட்டதில்லை. தானாகச் சொல்லவும் அவருக்கு வாய் வந்ததில்லை.

பஸ் விருத்தாசலம் வந்தபோது மணி ஐந்தரை. வீட்டுக்குப் போகாமல் நேராகத் தன் பள்ளிக்குப் போனார். அடுத்த வாரம் அங்கே தேர்வு என்பதால் ஆய்வக உதவியாளர் தனக்கோடி பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக அந்த ஆய்வகத்தில் இருப்பவள். அவர் பொட்டலத்திலிருந்த உப்பில் ஒரு சிட்டிகையை நிறைய நீரில் கரைத்தார். நீர்த்த கந்தக அமிலத்தை நாலு சொட்டு விட்டார். விட்ட உடனேயே குழாய்க்குள் வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கியது. கால்சியமாக இருந்தால் இவ்வளவு நீர்த்த கரைசல் அப்படியே தெளிவாக நின்றிருக்கும். இது பேரியம். நிறம் தெரியாதவனும் செய்யக்கூடிய சோதனை. அந்தப் பெண்ணின் மேசையிலேயே கந்தக அமிலம் இருந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. செய்திருந்தால், இவருக்கு ஏன் சந்தேகம் என்று யாராவது நினைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

"எதுக்கும் கம்பில வச்சி ஒரு தடவ காட்டு தனக்கோடி," என்றார்.

அவள் கொளுத்தினாள். "பச்ச சார். நல்ல பச்ச." பிறகு பர்னரை அணைத்துவிட்டு, லேபிளில் பசை தடவியபடியே கேட்டாள். "அங்க ஏதாவது ஆயிப்போச்சா சார்?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் சார். இத்தினி வருஷமா நீங்க பொண்ணுங்கள கேக்கறப்பல்லாம் நானும் இங்கதான நிக்கறன். நெறம் பாக்காமலே நீங்க பாட்டில எடுக்கட்டும்னுதான் லேபிளுல இவ்ளோ பெரிய எழுத்தா எழுதறன்."

விருத்தகிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அடுத்த லேபிளை எடுத்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பினார். அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் தமிழ்மணி, முப்பது வயதுக்காரர், அப்போதுதான் ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தார். விருத்தகிரி விஷயத்தைச் சொன்னதும் அலமாரியிலிருந்து பதினாலாம் பாட்டிலை எடுத்து அவரே சோதித்துப் பார்த்தார். நிரப்பும்போது உப்பு மாறிப்போயிருந்தது.

"எங்க தப்புதான் சார் இது. நல்லவேள, மார்க்கு கவர இன்னிக்கித்தான் சீல் வைக்கறோம். அந்த நம்பரு வேற யாருக்கும் வரல." மதிப்பெண் பட்டியலை எடுத்தார். இரண்டு பேரும் திருத்திக் கையெழுத்துப் போட்டார்கள். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதினார்கள். எல்லாம் முடிந்த பிறகு தமிழ்மணி பேனாவை மூடியபடி, "ஆனா அந்தப் பொண்ணு நேத்து உங்களுக்குக் கொளுத்திக் காட்டிச்சே சார்?" என்றார்.

விருத்தகிரி சொன்னார். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் தன் வாயால் சொல்லாத விஷயம், இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

தமிழ்மணி கதவைப் பார்த்துக்கொண்டார். "இத வெளில சொல்லாதீங்க சார். இன்னும் ஏழு வருஷம் சர்வீஸு இருக்குது ஒங்களுக்கு. பாட்டிலு மாறிப்போச்சு, திருத்தியாச்சு, அவ்ளோதான். அந்தப் புள்ளகிட்ட நானே சொல்லிடறன்."

சொல்லிவிடுவார்தான். மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் பதினைந்து பேர் முன்னால் அவளைப் பொய்க்காரி என்றது பாட்டில் இல்லை.

மதியம் இயற்பியல் செய்முறை முடிந்து பிரபா இரண்டு தோழிகளோடு சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தாள். விருத்தகிரி அங்கே நின்றிருந்தார்.

"நேத்து நீ எழுதனதுதாம்மா சரி. பேரியந்தான். பாட்டிலு மாறியிருந்துது. மார்க்கத் திருத்தியாச்சு."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. சைக்கிள் பூட்டைத் திறக்கப்போன கையை நிறுத்தி, "அப்ப நேத்து ஒங்களுக்குச் செவப்பாவா சார் தெரிஞ்சுது?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"செவப்பாவும் தெரியல, பச்சையாவும் தெரியல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பொறவியிலேருந்தே அப்படித்தான். நீ பொய் சொல்லல. நான்தான் சொன்னன்."

தோழிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபா சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாமே சார்."

"சொல்லிருக்கணும்."

"இவளுங்ககூட கேட்டாளுங்க சார், பாக்காமதான் எழுதிட்டியாடின்னு. வூட்டுக்குப் போயி நானே யோசிச்சன். சார் எவ்ளோ வருஷமா பாக்கறவரு, அவரே சொல்றாரு. பச்ச இல்லியோ, எங்கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு. காலைல பீசிக்ஸ்ல மீட்டரு முள்ளப் பாத்து ரீடிங் எழுதறன், மூணு வாட்டி அடிச்சி அடிச்சி எழுதறன். எனக்கு நம்பிக்க வரல சார்."

அதைத் திருத்திக் கையெழுத்துப் போட ஒரு பட்டியலும் இல்லை. பூட்டு திறந்த சத்தம் கேட்டது. "போயிட்டு வரேன் சார்," என்றாள், மரியாதை குறையாமல். மூன்று சைக்கிள்களும் கேட்டைத் தாண்டிப் போயின.

அவர் ஏறிய பஸ் இரண்டு மைல் போவதற்குள் நின்றுவிட்டது. எதிரே ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. பாரம் ஒரு பக்கமாகச் சரிந்து, தோகைகள் தார்ச்சாலையைப் பெருக்கிக்கொண்டு வந்தன. பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்தார். டிராக்டருக்கு வழிவிட்டு ஓரமாக இறங்கி நின்ற சைக்கிள்களில் ஒன்று பிரபாவுடையது. அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. சரிந்த பாரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நிறுத்துங்க! பின்னாடி கயிறு அறுந்துருக்குது!"

டிராக்டர்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திக் குதித்து இறங்கினார். விருத்தகிரி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். ஒரு கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தி அவள் இடத்தைக் காட்ட, தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மனிதர் அவள் விரல் போன திசையில் கரும்புக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.