பச்சையில் தெரிந்த கடை

மணி ஒன்று ஆனதும் சண்முகம் சுவாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மருந்துக் கடையின் ஷட்டரை இறக்கினார். ஃபீனிக்ஸ் பே கப்பல் துறைக்குப் போகும் சாலையில் பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து, நான்கு மணிக்குத் திரும்புவார். அந்தச் சாலையில் அநேகமாக எல்லாக் கடைகளும் அப்படித்தான்.

நல்ல மனிதர். காலாவதியான மருந்து ஒன்றுகூட அவர் அலமாரியில் இருக்காது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு, ஊர்க் கடைகளின் நேரத்தைக் காட்டும் இணையதளம் ஒன்றில் கடையைச் சேர்த்தபோது, போனில் விவரங்களைப் பதிந்துகொண்டிருந்த மனைவி செல்லம் ஒரு கேள்வி கேட்டாள். திறக்கும் நேரத்துக்கு ஒரு கட்டம், மூடும் நேரத்துக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான் இருந்தது. மத்தியானம் மூடுவதை எங்கே எழுதுவது?

"காலைல எட்டு, ராத்திரி எட்டரைன்னு போட்டு விடு. மத்தியானம் மூடுறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் சண்முகம். பிறகு அதை மறந்தே போனார்.

அன்று ஒன்று இருபதுக்கு ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த கப்பலில் முத்துவீரன் வந்து இறங்கினான். அங்கே ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை செய்பவன். அவன் மனைவி அங்கம்மாவுக்கு வலிப்பு நோய். கடல் கொந்தளித்து மூன்று நாளாகக் கப்பல் ஓடாததால் மாத்திரை முந்தின இரவோடு தீர்ந்துவிட்டது. அது சண்முகம் கடையில்தான் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் முதல் கப்பலுக்கு வரிசையில் நின்றபோது கடைசி டிக்கெட் அவன் முறைக்கு வந்தது. அவனுக்குப் பின்னால், பரிசோதனைக்குப் போக வேண்டிய ஒரு கர்ப்பிணி நின்றாள். முத்துவீரன் போனை எடுத்து அந்த இணையதளத்தைப் பார்த்தான். கடை இரவு எட்டரை வரை திறந்திருக்கும் என்று இருந்தது. அந்த தைரியத்தில் டிக்கெட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்து, அடுத்த கப்பலில் வந்தான்.

இப்போது அவன் பூட்டிய ஷட்டரின் முன் நின்றான். கையில் இருந்த போனோ, 'இப்போது திறந்திருக்கிறது' என்று பச்சை எழுத்தில் காட்டியது. அதிலிருந்த எண்ணை அழைத்தான். ஷட்டருக்கு உள்ளே மணி அடித்தது. மறுபடி அழைத்தான். மறுபடியும் உள்ளேதான் அடித்தது.

எதிரே இளநீர் விற்கும் ஷீலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரே அண்ணா, தோபஹர்ல, மத்தியானத்துல, இது பந்த். நாலு மணிக்குத்தான் வருவார்."

"மத்த கடை மூடுவாங்கன்னு எனக்கும் தெரியும்க்கா. இதுல தொறந்திருக்குன்னு போட்டிருக்கே."

ஹேவ்லாக்குக்குத் திரும்ப இரண்டரைக்குக் கடைசிக் கப்பல். வீட்டில் அங்கம்மா தனியாக இருந்தாள். முதலாளி வீடு எங்கே என்று கேட்டான். டெய்ரி ஃபார்ம் என்பதைத் தவிர ஷீலாவுக்கு வேறு தெரியவில்லை. மருந்துச் சீட்டையும் அவன் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு மணிக்கு வாங்கி, காலைக் கப்பலில் எப்படியாவது அனுப்புவதாகச் சொன்னாள். ஓர் இளநீரை வெட்டி அவன் கையில் திணித்தாள். அவன் குடிக்கவில்லை. ஷட்டரையே பார்த்துக்கொண்டு இரண்டு மணி வரை நின்றுவிட்டு, வெறுங்கையோடு கப்பலேறினான்.

நான்கு மணிக்கு ஷீலா சண்முகத்திடம் சீட்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். மாத்திரை அவர் பின்னாலிருந்த அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கப்பல் போய் ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. முத்துவீரனின் போன் கடலில் எடுக்கவில்லை. இரவும் எடுக்கவில்லை. சுவாமி படத்தின் முன் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல், முதல் கப்பலில் மாத்திரையோடு அவரே போனார். ரிசார்ட்டில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார். அங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மாலை அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். வலது கை முழங்கை வரை கொதிநீரில் வெந்து, கட்டுப் போட்டிருந்தது. அப்போது முத்துவீரன் நடுக்கடலில் இருந்தான்.

சண்முகம் மாத்திரையை நீட்டினார்.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? கடை வேற மூடிக் கெடக்குமே" என்றாள் அங்கம்மா. பிறகு முத்துவீரனிடம், "அண்ணனுக்கு டீ போட்டுக் குடுங்க" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த டீயைக் குடித்து முடிக்க அவருக்கு வெகுநேரமாயிற்று.

இரவு வீட்டுக்கு வந்ததும் செல்லத்திடம் போனை எடுக்கச் சொன்னார். மூடும் நேரத்தைப் பகல் ஒரு மணி என்று மாற்றச் சொன்னார். தம் சொந்த எண்ணையும் சேர்க்கச் சொன்னார்.

செல்லம் தயங்கினாள். "என்னங்க, அப்ப சாயங்காலம் பூரா மூடியிருக்குன்னுல்ல காட்டும்? ஆளே வராதே."

"காட்டட்டும் செல்லம். தொறந்த கடைய மூடியிருக்குன்னு காட்டினா நம்ம வியாபாரம்தான் போகும். மூடுன கடைய தொறந்திருக்குன்னு காட்டினா, நம்பி வர்றவங்க உசுரு போகும். நேரம்னு ஒண்ணை எழுதி வச்சா, அது நாம முகம் தெரியாதவங்களுக்குக் குடுக்கற வாக்கு. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். தெரியாத ஒருத்தருக்காகத்தான் அதை எழுதியே வைக்கறோம்."

செல்லம் மாற்றிவிட்டுத் திரையைக் காட்டினாள். நேரத்தைத் திருத்திவிட முடிந்தது. அந்தக் கையைத் திருத்த எந்தக் கட்டமும் இல்லை.