மலைக்கோயில் சாவி

லுதிவினுக்கு மாலை நான்கு மணிக்குக் கல்யாணம். மதியம் ஒரு மணிக்கு, தலை நிறையச் சுருள் கிளிப்போடு, பழைய டிராக் பேன்ட்டில், வருங்கால மாமனார் ஃபெர்னானின் சமையலறைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தாள். முன்கதவைத் தட்டிப் பயனில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரோக்மோன் ஊரில் யாரும் முன்கதவைத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் தட்டுகிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். உள்ளூர்க்காரன் பின்வாசலால் வருவான், தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

ஃபெர்னான் தனியாக உட்கார்ந்து வறுத்த வாத்துக்காலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மற்ற எல்லாரும் மாப்பிள்ளை மாக்ஸான்ஸை அலங்கரிக்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"மாமா, கோயில் சாவி எங்க? பூ வைக்கப் போனவ வாசல்லயே நிக்கிறா."

"கடையில, ஆணியில பாரு."

"பாத்துட்டுத்தான் வரேன். ஆணி மட்டும்தான் இருக்கு."

ஃபெர்னான் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஹாலந்துக்காரங்க இன்னும் கொண்டு வரல போல."

மலைக்கோயில் என்று ஊர் சொல்லும் பழைய தேவாலயத்தின் சாவி அவருடைய ரொட்டிக் கடையில்தான் தொங்கும். முழங்கை நீளம், இரும்பு. சுவரோவியம் பார்க்க வருகிறவர்கள் கேட்டு வாங்கிப்போய், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். பேர் கேட்பதில்லை, முன்பணம் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது ஊருக்கே அசிங்கம் என்பது ஃபெர்னானின் கட்சி.

"இன்னிக்கு யாருக்கும் குடுக்காதீங்கன்னு நேத்தே சொன்னேன்ல?"

"வயசானவங்கம்மா. அவ்ளோ தூரத்துலேருந்து ஒரு சுவரைப் பாக்க வந்திருக்காங்க. இல்லன்னு எந்த வாயால சொல்றது? பதினொன்றரைக்குக் குடுத்தேன். கல்யாணம் நாலு மணிக்குத்தானே."

"இன்னொரு சாவி?"

"பழைய பாதிரியார் அங்கிப் பையில இருந்துச்சு. அந்த அங்கியோடயே அவரைப் புதைச்சிட்டோம்."

லுதிவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பூட்டை உடைக்க முடியாது. அந்தக் கதவுக்கு வயது எண்ணூறு. அதில் ஓர் ஆணியைத் தொடவும் தலைநகரத்திலிருந்து காகிதம் வர வேண்டும். பாதிரியாருக்கு முப்பது ஊர்க் கோயில்கள், ஐந்து மணிக்கு வேறோர் ஊரில் வேறொரு கல்யாணம். வெட்டவெளியில் மந்திரம் சொல்லும் ஆளில்லை அவர். இன்றைக்கு விட்டால் அடுத்து அவருக்கு ஒரு சனிக்கிழமை ஓய்வாகக் கிடைப்பது அறுவடை எல்லாம் முடிந்த பிறகுதான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அவளுடைய சொந்தக்காரர்கள் அறுபது பேர் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள்.

"எந்திரிங்க மாமா. வண்டியை எடுங்க."

"பாலாடைக்கட்டி இன்னும் சாப்பிடல."

அவள் பார்த்த பார்வையில் ஃபெர்னான் எழுந்துவிட்டார்.

ரொட்டி வண்டி மலையிறங்கியது. லுதிவின் ஆறு வருடமாக ரோக்மோன் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் கையில் வரைபடத்தைக் கொடுத்து அனுப்புவதே அவள்தான். கோயில் பார்த்தவர்கள் அடுத்து பெய்ரோல் கோட்டைக்குப் போவார்கள், அங்கிருந்து குகை, கடைசியாக வால்நட் எண்ணெய் ஆலை. மாறவே மாறாது.

"இப்ப ஒண்ணு பத்து. எல்லாம் மூடியிருக்கும்" என்றார் ஃபெர்னான். "அதனால அவங்க எங்கயோ உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். ஓட்டல் ஓட்டலாப் பாத்தாப் போதும். உங்க அக்கரைக்காரங்களுக்கு இந்த யோசனை வருமா?"

"அக்கரைக்காரங்க சாவியைத் தொலைக்க மாட்டாங்க மாமா."

கோட்டை வாசலில் சங்கிலி. கீழே ஓட்டலில் எல்லா மேசையும் நிரம்பியிருந்தது. லுதிவின் மேசை மேசையாகக் குனிந்து முகம் பார்த்தாள். ஓட்டல்கார ஜொசியான் தட்டுகளோடு நின்றுவிட்டாள்.

"அடியே, இன்னிக்கு உனக்குக் கல்யாணம் இல்ல? அதுக்குள்ள ஓடி வந்துட்டியா?"

"ஓடல அக்கா. ரெண்டு ஹாலந்துக்காரங்களைத் தேடறேன்."

"ஒரு மாப்பிள்ளை போதாதாக்கும்" என்றாள் ஜொசியான். ஓட்டல் முழுக்கச் சிரித்தது. ஹாலந்துக்காரர்கள் அங்கே இல்லை.

குகைக்குப் பக்கத்து விடுதியிலும் இல்லை. ஆற்றோரத்து ஓட்டலிலும் இல்லை. அங்கே ஃபெர்னானுக்குத் தெரிந்தவர் ஒருவர் பாலாடைக்கட்டித் தட்டை நீட்ட, அவர் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். லுதிவின் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். சூரியகாந்தி வயல்கள் இருபுறமும் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. மேலே, குன்றின்மேல், பூட்டிய கோயில் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

எண்ணெய் ஆலையும் மூடியிருந்தது. ஆனால் அதன் வாசலில் தொப்பி போட்ட ஒருவர் நின்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தார். நேரம் எழுதிய பலகை மூக்குக்கு நேரே தொங்கியது. அதைப் படித்துவிட்டு மறுபடி ஆட்டினார். அப்புறம் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். அவர்கள் தேடி வந்த ஆளில்லை அவர். ஆனாலும் லுதிவின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆட்டலை அவள் தினமும் கேட்பவள், கதவுக்கு உள்ளேயிருந்து.

"மாமா, இவங்கெல்லாம் உக்காந்து சாப்பிடற ஜனம் இல்ல. கையில ரெண்டு ரொட்டித் துண்டு, நடந்துக்கிட்டே முடிச்சிடுவாங்க."

"மத்தியானச் சாப்பாட்டையா?" ஃபெர்னானால் நம்ப முடியவில்லை.

"நீங்க கடையை எப்ப மூடினீங்க?"

"எப்பவும்போல பன்னண்டரைக்கு."

"பதினொன்றரைக்குச் சாவி வாங்கினவங்க மலை ஏறி, படம் பாத்து, இறங்கி வர அந்த நேரம் தாண்டியிருக்கும்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சாப்பிடறப்ப யாராவது கதவைத் தட்டினாங்களா?"

ஃபெர்னான் தேவையே இல்லாமல் கியரை மாற்றினார்.

"மாமா."

"தட்டினாங்க."

"யாரு?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

லுதிவின் வாயைத் திறந்தாள். திட்ட வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் அலுவலகத்தின் பின்னறையில் தானும் சாலட் டப்பாவோடு, அந்தக் கதவாட்டல் ஓயும்வரை முள்கரண்டியைத் தூக்கியபடி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"திருப்புங்க. சாவியைக் குடுக்காம அவங்க ஊரை விட்டே போயிருக்க மாட்டாங்க."

ரோக்மோனில் சன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியபடியே இருந்தன. தெருவில் ஒரு பூனை மட்டும் நடந்தது. ரொட்டிக் கடைப் படியில் யாரும் இல்லை. சுற்றுலா அலுவலக வாசலிலும் இல்லை. பழைய துணி துவைக்கும் துறைக்குப் போகும் சந்தில் திரும்பியபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கிழவரும் கிழவியும் கல்லில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில், ஈரம் படாமல் ஒரு கைக்குட்டையில் சுற்றி, சாவி.

ஃபெர்னானைப் பார்த்ததும் கிழவி அவசரமாக எழுந்தாள். "மன்னிக்கணும். ரொம்ப நேரமாத் திருப்பிக் குடுக்கப் பாக்குறோம். எல்லாக் கதவையும் தட்டினோம். ஊர்ல யாருமே இல்ல."

"போயிடலாம்னு தோணலையா?" என்றாள் லுதிவின்.

"சாவியை எடுத்துக்கிட்டா?" கிழவர் அதிர்ந்துபோய்க் கேட்டார். "படியில வெச்சிட்டுப் போகவும் மனசு வரல. எங்க பேரைக்கூடக் கேக்காம நம்பிக் குடுத்தாரு இவரு."

ஃபெர்னான் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வீட்டுல மட்டும் ஆள் இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் கிழவி. "தட்டுச் சத்தம் கேட்டுச்சு. வாத்து வறுத்த வாசனை. கூப்பிட்டுக்கூடப் பாத்தோம்."

ஃபெர்னான் தன் செருப்பைப் பார்த்தார். லுதிவின் ஃபெர்னானைப் பார்த்தாள்.

"வாத்து எப்படி இருந்துச்சு மாமா?"

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் அவர் மெதுவாக.

சுருள் கிளிப்புகள் ஆட ஆட அவள் சிரித்தாள். அப்புறம் சாவியை எடுத்துக் கிழவியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நீங்களே மேல போய்த் திறந்து வையுங்க. பூவோட ஒருத்தி நிப்பா. நான் போய்த் தலை சீவணும். நாலு மணிக்கு முன்வரிசையில உக்காருங்க, அக்கரைக்காரங்க பக்கமா."

"ராத்திரி விருந்துக்கும் வந்துடுங்க" என்றார் ஃபெர்னான். தன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "பின்வாசலால வாங்க."