இரவல் குரல்

தேவிப்ரியா ஆன்லைன் இன்டர்வியூவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில், செல்போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் ஸ்ரீதேவி என்றொரு பெண். இன்டர்வியூவில் கேட்பதற்கெல்லாம் அவள் பதில் சொல்வாள். தேவிப்ரியா வாயை மட்டும் அசைக்க வேண்டும். சேலத்தில் வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சி நடத்தும் கந்தனின் ஏற்பாடு இது. போன மாதம் காலேஜ் முடித்தவளுக்கு மூன்று வருட அனுபவம் இருப்பதாக எழுதிக் கொடுத்த புண்ணியவானும் அவன்தான்.

"சாமி, நம்ம தறிய நிறுத்தியாச்சு. பக்கத்து ஊட்டு வேலுசாமிகிட்டயும் சொல்லிட்டேன். நீ தெகிரியமாப் பேசு" என்று சொல்லிவிட்டு அப்பா காளியண்ணன் வெளியே போனார்.

குமாரபாளையத்தில் பட்டப்பகலில் தறிச் சத்தம் நின்றால் ஒன்று கரண்ட் இருக்காது, இல்லையென்றால் எழவு விழுந்திருக்கும். அன்று இவளுக்காக நின்றிருந்தது. அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

திரையில் மயில்சாமி என்ற அதிகாரி வந்தார். இங்கிலீஷில் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ஸ்ரீதேவியின் குரல் மளமளவென்று பதில் சொன்னது. அவற்றில் பாதி தேவிப்ரியாவுக்கு விளங்கவே இல்லை. எந்த நொடியில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தோடு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

மயில்சாமி திடீரென்று தமிழுக்கு மாறினார். "குமாரபாளையமாம்மா? அப்பா என்ன பண்றார்?"

ஸ்ரீதேவிக்குக் கந்தன் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தான், அப்பாவைப் பற்றித் தவிர.

"பேங்க் ஆபீசரா இருந்து ரிடையர் ஆயிட்டார் சார்" என்றது குரல்.

பழக்கதோஷத்தில் தேவிப்ரியாவின் வாயும் அசைந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். மகள் பேசுகிற அழகைப் பார்க்க வந்து நின்றிருந்த அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. தான் அங்கே நிற்பது தப்பு என்பதுபோல் மெல்ல விலகிப் போனார்.

அவள் சட்டென்று போன் இணைப்பைத் துண்டித்தாள்.

"சார், இதுதானுங்க என் குரல். எங்கப்பா தறி ஓட்டறாருங்க. இத்தன நேரம் பேசுனது நானில்லீங்க. எனக்கு அனுபவமும் இல்லீங்க."

"உண்மையச் சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா எங்க கம்பெனியில இனி உனக்கு இடம் இல்ல" என்றார் மயில்சாமி. திரை இருண்டது.

அவள் எழுந்து ஓடி, தறிக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார். அதற்குள் கந்தன் போன் செய்தான்; நடந்ததை அவள் சொன்னதும் கத்தினான். "கெடைச்ச வேலையக் கெடுத்துட்டியே! உனக்கென்ன பைத்தியமா?"

"வேல கெடைச்சிருந்தா, ஆபீஸ் நாற்காலியில எனக்காகப் பேசுன அந்தக்கா வந்து உக்காருவாங்களாங்க? நாந்தானுங்க உக்காரோணும். எப்ப மாட்டுவமோன்னு தெனமும் நாந்தானுங்க நடுங்கோணும். தெரியாதத நான் கத்துக்குவேனுங்க. பொய்யச் சொல்லி வாங்குன வேலயில, சம்பளத்துக்கு முந்தி பயந்தானுங்க வந்து சேரும்!"