தூங்க வேண்டிய செடி

இலை உதிர்ந்ததும் வெர்னா ரோஜாத் தொட்டியைக் கார் கொட்டகைக்கு நகர்த்திக்கொண்டு போய், வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பாள். நாற்பது வருடம் பார்த்தேன். ஏன் என்று கேட்டதில்லை. பெண்டாட்டி வேலையில் நான் தலையிடுவதில்லை.

ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். நவம்பரில் நான் தொட்டியை வீட்டுக்குள் வைத்தேன். மின்னசோட்டாவின் வடக்கு மூலை இது. இந்தக் குளிரில் கொட்டகையில் நாயைக்கூட விடமாட்டோம். முன்னறை ஜன்னலோரம், ஹீட்டருக்கும் பூட்டியிருக்கும் அவளுடைய பொம்மை அலமாரிக்கும் நடுவே இடம் இருந்தது. பொம்மைகள் அறுபத்தொன்று. பீங்கான் முகம், கண்ணாடிக் கண். அவை என்னையே பார்ப்பது எனக்குப் பிடிக்காது. செடி எதையும் பார்க்காது.

கிறிஸ்துமஸுக்குள் துளிர் விட்டது. அதனோடு பேச ஆரம்பித்தேன். பனி வாரும் வண்டிக்காரன் என் வாசலிலேயே குவித்துவிட்டுப் போனதை வேறு யாரிடம் சொல்வது?

ஜனவரியில் லவான் ஹ்ருஸ்கா வந்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள், வெர்னாவோடு பொம்மை சேகரிப்போர் சங்கத்தில் இருந்தவள். கையில் எலுமிச்சை கேக். அலமாரியிலேயே விலை கூடிய ஜெர்மன் பொம்மையைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. நேரே தொட்டியிடம் போய் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கொன்னுக்கிட்டிருக்கீங்க, ஆர்வில். குளிர் முடியுற வரைக்கும் இது தூங்கணும். நீங்க எழுப்பி உக்கார வச்சிருக்கீங்க. இப்படியே விட்டா ஏப்ரல்ல வெறும் குச்சிதான்."

"பொம்மைக்கு வந்தவளுக்குச் செடி மேல என்ன அக்கறை?"

"பொம்மைக்கு வர்றதா இருந்தா அடக்கம் முடிஞ்ச மறுநாளே வந்திருப்பேன். காபி கெடைக்குமா, இல்ல அதுக்கும் பூட்டா?"

காபி கொடுத்தேன். முதலில் ஒரு வாரம் நிலவறைப் படியில் வைத்துப் பழக்கி, பிறகு கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தொட்டியைப் பழைய போர்வையால் சுற்றச் சொன்னாள். மாதம் ஒரு கோப்பை தண்ணீர் போதுமாம். சரி என்று சொல்லவில்லை. வாசல் வரை போய் அனுப்பவும் இல்லை.

அவள் போனபின் கண்ணாடி மாட்டிக்கொண்டு இலையைத் திருப்பினேன். நூலாம்படை மாதிரி வலை, அதில் செம்பேன் ஊர்ந்தது. துளிர்கள் வெளிறி, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்திருந்தன. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். பிடிவாதம் என்றும் சொல்லலாம். செடி பிழைக்க வேண்டுமானால் என் அறையில் இருக்கக் கூடாது. அது எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

நான்காம் நாள் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் படியில், பிறகு கொட்டகையில், வெர்னா வைக்கும் அதே சுவரோரம்.

இப்போது காலையில் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, காபியோடு போய் கார் முன்சீட்டில் உட்கார்கிறேன். அங்கிருந்து தொட்டி தெரியும். பேசுவதில்லை. அந்தக் குளிரில் காபி ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். குடித்து முடித்து, கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருகிறேன்.