வாலு அசையாமல் கிடந்த ஆறு நிமிடம்

லிப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு நாலு வயது. வீட்டில் அவளை ‘வாலு’ என்பார்கள். அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காதவள். “இது ஒரு இடத்துல உக்காராது சார், இதுக்கு எங்க படிப்பு ஏறப்போகுது?” என்று மழலைப் பள்ளி டீச்சர் போன வாரம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று வாலுவுக்கு மூளை ஸ்கேன். கதை கேட்டு வளரும் குழந்தைகளின் குணம், வாசிப்பு, மூளையின் அமைப்பு, இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று பல்கலைக்கழக உளவியல் துறையில் ஆராய்கிறார்கள்; அதில் வாலுவும் ஒருத்தி. படம் பிடிக்கும்போது ஆறு நிமிடம் தலை ஆடக் கூடாது. வாலு ஏற்கெனவே இரண்டு முறை ஆடிப் படத்தைக் கெடுத்திருந்தாள்.

“இதுதான் கடைசி சார். இப்பவும் ஆடினா ஆய்வுலேர்ந்து பேரை எடுத்துருவோம்,” என்றார் இளம் பெண் ஆய்வாளர். “நீங்களே மைக்குல கதை படிங்க. உங்க குரலுக்கு அடங்குவா.”

“என் குரலுக்கா? வீட்ல நான்தான் மேடம் அவளுக்கு அடங்குறேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தடதடக்கத் தொடங்கியது. காலமெல்லாம் மோட்டார் இரைச்சலில் வேலை பார்த்தவரே ஒரு கணம் காதைப் பொத்திக்கொண்டார். குடையைத் தொலைத்த தவளையின் கதையை எடுத்தார். வீட்டில் தினமும் படிப்பதுதான். பதற்றத்தில் இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டுவிட்டன. நத்தை வரும் பக்கத்தையே தாண்டிவிட்டோம் என்பது நாலு வரி படித்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் ஒரு வரியை விட்டாலே எழுந்து உட்கார்ந்து, “ஏமாத்தாத!” என்று ஊரைக் கூட்டுகிறவள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மேலே படித்தார். கண் மகளின் பாதத்தை விட்டு நகரவில்லை. கட்டைவிரல் மட்டும் ஒருமுறை விறைத்து அடங்கியது.

இரைச்சல் நின்றது. ஆய்வாளர் திரையை உற்றுப் பார்த்தார். “சார், இம்மிகூட ஆடல! படம் அவ்வளவு தெளிவா இருக்கு.”

படுக்கை வெளியே வந்ததுதான் தாமதம், வாலு இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

“நத்தைய ஏம்பா விட்ட?”

“தப்புதாண்டா கண்ணு. நீ ஏன் கத்தல?”

“ஆடக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்கல்ல? அதான், நத்தை பக்கத்த நானே மனசுக்குள்ள படிச்சுக்கிட்டேன். அப்புறம் வேகமா ஓடி வந்து, நீ படிக்கிற இடத்தப் பிடிச்சுட்டேன்.”

ஆய்வாளர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என் பொண்ணு மேடம் இவ,” என்றார், அந்தப் பெண்ணுக்கு அது தெரியாதது போல.