அல்சர் என்றே வைத்துக்கொள்வோம்

நர்ஸின் கார் வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், எவாரிஸ்தோ கட்டிலை விட்டு எழுந்து சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போடக்கூடத் தெம்பில்லை. போட்டுவிடு என்பதுபோல மகளை முறைத்தார். ஒர்தென்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி முனகிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது தொப்பியைத் தேடுகிறார்.

"தொப்பி எதுக்குப்பா? பேசாம படுங்க."

"வீடு தேடி ஒரு பொண்ணு வருது. படுத்துக்கிட்டேவா வாம்மான்னு சொல்றது? நீ போய் காப்பி போடு. பன் இருக்கா பாரு."

நர்ஸ் நெரெய்டா பன்னைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "வலி எப்படி இருக்குங்கய்யா?"

"எனக்கென்ன வலி? மழைதான் இல்ல. இந்த வருஷம் ஆரஞ்சு எல்லாம் கோலிக்குண்டு மாதிரி காய்ச்சிருக்காம். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

அவள் வரும்போதெல்லாம் இதே கூத்துதான். ஒர்தென்சியா அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தாள். தெற்கு டெக்சாஸ் பழத்தோட்டங்களில் ஆயுசு பூராவும் ஏணி ஏறி இறங்கிய உடம்பு, இப்போது எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. கணையத்தில் புற்றுநோய், இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னார். அந்தத் தாழ்வாரத்திலேயே பிள்ளைகள் கூடி முடிவு செய்தார்கள், அப்பாவிடம் மூச்சுவிடக்கூடாது என்று. அவர்கள் ஊரான வெஸ்லாகோவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மாவுக்கும் கடைசிவரை ரத்தம் கம்மி என்றுதான் சொன்னார்கள். அப்பாவுக்கு அல்சர்.

நெரெய்டா ஹாஸ்பிஸ் நர்ஸ். ஹாஸ்பிஸ் என்றால், சாகப்போகிறவர்களை வீட்டிலேயே வைத்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். அதைச் சொல்ல முடியாமல், சர்ச்சிலிருந்து வருகிற நர்ஸ் என்று சொல்லி வைத்திருந்தாள் ஒர்தென்சியா.

"அக்கா, அவர் வாயால வலிக்குதுன்னு சொல்லணும், எங்க உதவி வேணும்னு சொல்லணும்" என்றாள் நெரெய்டா, வாசல்படியில் நின்று. "சும்மா சிரிச்சுப் பேசுறவருக்கு வலிக்கு மார்ஃபின் வேணும்னு டாக்டர்கிட்ட நான் எப்படிக் கேக்குறது?"

போதாக்குறைக்கு ஹூஸ்டனிலிருந்து தம்பி எலிசேயோ போன் போட்டான்.

"ஹாஸ்பிஸா? அப்பாவக் கைகழுவப் பாக்குறியாக்கா?"

"ஒரு வாரம் வந்து பக்கத்துல இருந்து பாருடா. அப்புறம் பேசு."

"லீவு கிடைக்கல."

"அப்ப வாய மூடு."

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் குந்தி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிந்திருந்தது. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஏம்ப்பா இப்படி என் உயிர வாங்குறீங்க? அவகிட்ட வலிக்குதுன்னு சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"அல்சர்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. அதுக்கு?"

"அல்சருக்கு எவனாவது இப்படிக் கதறுவானா? நான் வாயத் தொறந்தா அந்தப் பொண்ணு என்ன ஏதுன்னு நோண்டுவா. நீங்க சொன்னது பொய்யின்னு ஆயிடும். என் பிள்ளைங்க வெளியாள் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

ஒர்தென்சியா அப்படியே அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அப்பா உடைந்துபோகக்கூடாது என்று அவர்கள் சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் இந்த மனுஷன் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இனி சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அல்சர் இல்லப்பா. கேன்சர். இனிமே வைத்தியம் இல்லன்னுட்டாங்க. நெரெய்டா அதுக்காகத்தான் வர்றா, உங்களுக்கு வலி தெரியாம பாத்துக்க."

அவர் தலையை ஆட்டினார். கட்டில் காலை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதும்மா" என்றார். "தாங்க முடியல. அந்தப் பொண்ணு ரொம்ப தூரம் போயிருக்குமா?"