நோயாளியும் அண்ணியே

எங்கள் அண்ணி அரபு பேசக் கற்றுக்கொண்டது சமையலறைச் சுவரோடுதான். நாங்கள் பிழைக்க வந்த அரபு நாட்டில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த நீராவியில் இரைப்பு வேறு வந்துவிட்டிருந்தது. வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலி என்றார்கள். அரபில் பேச்சுத் தேர்வு உண்டு. தேறினால் மேசை, இல்லாவிட்டால் பழையபடி நீராவிதான்.

அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நாள் முழுக்கக் கடைக்காரர்களோடு அரபில் வாயடிப்பவன். வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறாரே என்று அண்ணி முதலில் அவனைத்தான் கேட்டாள். அவள் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் சொன்னதும் வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். செய்தி வாசிக்கிறாயா, தெருவில் எவன் இப்படிப் பேசுவான் என்றார். மறுநாள் கேட்டதற்கு, நாள் பூரா பேசிவிட்டு வீட்டிலுமா என்று கைப்பேசியோடு திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு அரபில் நன்றி சொல்வதைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

அண்ணி விடவில்லை. தட்டைக் கழுவுகிறேன், குழாயை மூடுகிறேன் என்று செய்வதையெல்லாம் அரபில் சொல்லிக்கொண்டே செய்தாள். தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய ஓர் எழுத்துக்காகக் குளியலறையில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, மேல்வீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். மருத்துவமனையில் காதில் விழுந்த பேச்சைச் சாயங்காலம் சுவரிடம் ஒப்பிப்பாள். கேள்விக்கு ஒரு குரல், நோயாளியின் பதிலுக்கு ஒரு குரல். கடைசியில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

தேர்வு வைத்த அம்மாள் நோயாளியாக நடித்தார். எங்கே வலிக்கிறது என்று அண்ணி கணீரென்று கேட்டாள். அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள், வயிற்றில், நேற்றிலிருந்து என்று தானே சொல்லிவிட்டாள். சாப்பிட்டீர்களா? இல்லை, குமட்டுகிறது. அதுவும் அவளே. மருத்துவரைப் பார்க்க நேரமும் குறித்துக் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு வலித்தது முதுகாம்.

உச்சரிப்பு பிரமாதம், ஆனால் நோயாளியையும் பேசவிட வேண்டும் என்றாராம். அடுத்த மாதம் இன்னொரு தடவை வரலாம், அதுதான் கடைசி.

வீட்டில் இதைக் கேட்டு அண்ணன் சிரித்தான்.

"எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருக்கறதுகூடவா தெரியல?"

"எதிர்ல ஆள வச்சு பேசிப் பழக்கமில்லைங்க," என்றாள் அண்ணி.

அண்ணனின் சிரிப்பு நின்றது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, நான்தான் நோயாளி. கேளு."

"வேணாங்க. சலவைல அரபு பேசற பொண்ணு ஒருத்தி எங்கூட பேசிப் பழக ஒத்துக்கிட்டா. நான் தப்பா பேசினா அவ சிரிக்க மாட்டா."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அண்ணன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.